கேட்காமல் புரட்டிய பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டத் தொடங்கிய நாட்களில் இது நடந்தது. கேரள எல்லையில் குன்னத்துகால் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு என்பார்கள். எனக்கு அந்த நாலு எட்டுமே கிடையாது. இரண்டு வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. தரையில் கையூன்றி நகர்ந்துதான் வீட்டுக்குள் நடமாட்டம். அப்போது எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் அம்மா, அண்ணன், மைனி, நான். மைனி என்றால் அண்ணன் மனைவி. அண்ணன் ரப்பர் வெட்டுக்குப் போவார். நான் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டில் ஹூக் தைத்துக் கொடுப்பேன். களியக்காவிளைச் சந்தைக்குப் போகிறவர்கள் வாங்கி வரும் தமிழ் வாரப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை படிப்பேன். அப்பா இருந்தவரை என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார். அவர் போனதோடு பள்ளிக்கூடமும் போயிற்று. மிச்சமுள்ள படிப்பெல்லாம் பத்திரிகை தந்ததுதான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முற்றத்தில் அந்நியர் குரல் கேட்டால் நான் நகர்ந்து உள்ளறைக்குப் போய்விடுவேன். போ என்று யாரும் சொன்னது கிடையாது. மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கிற மாதிரி, அது தானாக நடக்கும். வந்தவர்கள் போனதும் திரும்ப முன்னறைக்கு வருவேன். அம்மாவும் அதைப் பற்றிப் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன்.

அன்றைக்கும் அப்படித்தான். காலையில் வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. சுத்தமான மலையாளம். இந்தப் பக்கத்து மலையாளம் இல்லை, வடக்கே கோட்டயம் பக்கத்துப் பேச்சு. நான் உள்ளே போய்க் கதவோரம் உட்கார்ந்து திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். தோளில் பை, கையில் காகிதக் கட்டு, வெயிலில் சிவந்த முகம். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பெண்களின் உடல்நலம் பற்றி ஒரு ஆராய்ச்சி நடக்கப்போகிறதாம். அதற்கு முன்னால், கேள்வி கேட்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி. பயிற்சிக்காக எங்கள் ஊரில் வீடு வீடாக வருகிறார்கள். அந்தப் பெண் பேசியதெல்லாம் மலையாளம்தான், நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

அம்மா நாற்காலியை எடுத்துப் போட்டார். குடிக்க வெள்ளம் கொண்டுவந்து கொடுத்தார். முதல் கேள்வியே இதுதான்: இந்த வீட்டில் பெண்கள் எத்தனை பேர்?

"ரெண்டு பேரு மக்கா. நானும் எனக்க மருமவளும்."

அம்மா யோசிக்கக்கூட இல்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

இதைப் படிக்கிறவர்கள் என் அம்மாவைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. என்னைக் குளிப்பாட்டி, தலைபின்னி, மீனில் முள் எடுத்து வைத்து, ஒரு நாளும் முகம் சுளிக்காதவர். அந்தக் காலத்தில் பெண்களிடம் பேச ஆள் வந்தால் ஒன்று குடும்பக் கட்டுப்பாடு, இல்லாவிட்டால் கர்ப்பிணிகளுக்கு ஊசி. அம்மா அந்தக் கணக்கில்தான் சொன்னார். இதெல்லாம் எனக்கு உடனே புரிந்தது. புரிந்தும் என்ன, கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வழக்கத்தை மறந்து திரையைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன்.

"அப்ப நான் ஆராக்கும்?"

அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்துவிட்டாள். குரல் வந்த உயரத்துக்கும் ஆள் இருந்த உயரத்துக்கும் பொருத்தம் பார்க்க அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு முகம் வெளுத்தது.

"நீ இதுக்கெல்லாம் எதுக்கு பிள்ள? இது புள்ள பெறுதவங்களுக்கு உள்ளதாக்கும்." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "அவளுக்கு வய்யாது மக்கா. அவளுக்க காரியம் என்ன கேக்கணும்னாலும் எனக்க கிட்ட கேளு, நான் சொல்லுதேன்" என்றார்.

அந்தப் பெண் கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவி வாசித்தாள். கேள்வி கேட்பவர்களுக்கான விதிகள் அது. எழுந்து நின்று எடையும் உயரமும் பார்க்க முடியாதவர்களை விட்டுவிடலாம் என்று அதில் இருந்ததாம். பாவம், அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. தாளைப் பார்த்தே சொன்னாள். "சேச்சி, எனக்குத் தெரியவில்லை. எங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன். கண்டிப்பாக வருவேன்" என்று செருப்பை மாட்டினாள்.

வருவேன் என்று சொல்லிப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்ல? எனக்கு ஒரு வியாதிக்கு மருந்து வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. என் உடம்பைப் பற்றி ஒரு ஆள் என் எதிரே உட்கார்ந்து என்னிடமே கேட்க வேண்டும், நான் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. தண்ணீர் தவித்த மாதிரி தவித்தேன். காலையிலேயே குளித்து, பவுடர் போட்டு, நல்ல பாவாடையை உடுத்தி முன்னறையில் உட்கார்ந்துகொள்வேன். அவள் கேட்கக்கூடியதை எல்லாம் நானே கேட்டுப் பார்த்து, பதிலை மலையாளத்தில் சொல்லிப் பார்ப்பேன். ரோட்டில் ஜீப் உறுமினால் அவளாக இருக்குமோ என்று நிமிர்வேன், ஊசி கையைக் குத்தும்.

மைனிக்கு இது நல்ல வேடிக்கை. "என்ன, பெண்ணு பாக்க ஆளு வருதா? சொல்லிரு, நான் பழம்பொரி போடட்டு" என்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு வாரம் போல ஆயிற்று. இனி வரமாட்டாள் என்று பவுடர் டப்பாவை மூடி வைத்த பிறகு வந்தாள். கூடவே அவள் சொன்ன டாக்டரம்மாவும் வந்தார். பருத்திப் புடவை, நரைத்த தலை, மெதுவான பேச்சு. நாற்காலி போட்டும் உட்காராமல் என் எதிரே தரையில் உட்கார்ந்தார். சனிக்கிழமை ஜங்ஷன் நூலகத்தில் பயிற்சி வகுப்பு இருக்கிறது, நீங்கள் வர வேண்டும் என்றார்.

"நான் வந்து என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்கு உங்களிடம் கேட்கத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை" என்றார். படித்தவர் ஒருவர் தெரியவில்லை என்று சொன்னதைப் பத்திரிகைக் கதைகளில்கூட நான் அதுவரை படித்ததில்லை.

சனிக்கிழமை அண்ணன் வேலைக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து அம்மாவும் நானும் அவரும் போனோம். ஜங்ஷனை நான் பார்த்து எத்தனையோ வருடம். வெள்ளறடை பஸ்ஸின் ஹார்ன், லாட்டரிச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி, மீன்காரர்களின் கூப்பாடு, எல்லாம் வீட்டிலிருந்தே எனக்கு மனப்பாடம். சத்தத்தை மட்டும் வைத்து மனதுக்குள் ஒரு ஜங்ஷன் கட்டி வைத்திருந்தேன். அசல் ஜங்ஷன் அதைவிடச் சின்னது, ஆனால் எவ்வளவு நிறம்! ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். அவர் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே போனார்.

நூலகத்துக்கு ஏழெட்டுப் படிகள். அதைப் பார்த்ததும் டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார வைத்தார். உள்ளே பத்துப் பதினைந்து பேர், ஆணும் பெண்ணுமாய். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்க முடியாதவளுக்கு எழுந்து நின்று மரியாதை.

முதலில் எடை பார்க்கும் பாடம். அவர்கள் கொண்டுவந்திருந்தது நின்று பார்க்கிற சின்ன மெஷின். என்னை அதன் மேல் உட்கார வைத்துப் பார்த்தார்கள், முள் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பையன் என்னைத் தூக்கிக்கொண்டு தானும் ஏறலாமா என்று கேட்டு, அண்ணன் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். எங்களுக்குப் பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்ற மைனி சும்மா இருக்காமல், "எதிர்க்கடையில ரப்பர் ஷீட்டு தூக்குத பெரிய தராசு கிடக்கு, அதுல ஏத்தினா போதுமே" என்றார். சொன்னது கேலிக்குத்தான். ஆனால் டாக்டரம்மா உடனே எழுந்துவிட்டார்.

அப்புறம் நடந்தது ஒரு சின்னத் திருவிழா. நான் நாற்காலியோடு தூக்கப்பட்டு ரோட்டைக் கடக்க, பின்னாலேயே மொத்த வகுப்பும். புகை வாசம் அடிக்கும் ரப்பர் ஷீட் கடை. கடைக்காரர் முதலில் வாயைப் பிளந்தார், பிறகு மும்முரமாகிவிட்டார். "எலே, பைய தூக்குங்கலே, பைய!" என்று வேலையாட்களை விரட்டினார். முதலில் வெறும் நாற்காலி, பிறகு நான் உட்கார்ந்த நாற்காலி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்டார்கள்.

"இது எந்தக் கிரேடாக்கும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒண்ணாந்தரம். உமக்கு வெல கட்டாது, இறக்கி விடும்" என்றேன்.

கடையே சிரித்தது. அந்தப் பயிற்சிப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். ரோட்டில் நாலு பேருக்கு நடுவே நான் ஒரு வார்த்தை சொல்லி அதற்கு ஊர் சிரித்தது அன்றுதான். என் எடை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்ததும் அன்றுதான்.

திரும்பி வந்ததும் கேள்விகள். அந்தப் பெண்ணே எதிரே உட்கார்ந்தாள். சுற்றி மற்றவர்கள். அம்மா என் பக்கத்தில். தலை சுற்றல் உண்டா என்று அவள் கேட்டாள். கண் என்னவோ அம்மாவைத்தான் பார்த்தது.

"அது இருந்த எடத்துலயே இருந்து இருந்து வாறது" என்று அம்மா சொன்னார்.

டாக்டரம்மா கேள்வியை நிறுத்தினார். அம்மாவின் கையைப் பிடித்து மெல்லக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "இன்று அவள் சொல்லட்டும் அம்மா. நாம் இரண்டு பேரும் கேட்போம்" என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் முந்தானையை இழுத்துச் செருகிய விதத்திலேயே தெரிந்தது.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை நான் சொன்னேன். தலை சுற்றும். மாதாமாதம் நிற்காமல் போகும் உதிரம். அந்த நாட்களில் கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும். எத்தனை வருடமாக? பல வருடமாக. யாரிடமாவது சொன்னீர்களா? இல்லை. ஏன்? எல்லாம் கால் சுகமில்லாததால் வருவது என்று வீட்டில் நினைத்தார்கள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் தலை குனிந்து எழுதினார்கள். பின்னால் டாக்டரம்மா அனுப்பிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்து, உடம்பில் ரத்தமே போதாது என்று மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் கண் இருட்டுவது நின்றது. என்னிடம் கேட்டதால் எனக்குக் கைமேல் கிடைத்த பலன் அது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

கேள்விகள் பாதியைத் தாண்டியபோது அந்தப் பெண் ஒரு தாளைப் புரட்டினாள். ஒன்றல்ல, இரண்டு தாள் சேர்ந்து புரண்டது. விரல்களால் பிரித்துப் பார்க்கவும் இல்லை. எதிரே இருந்த எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்றாலும் மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். புரளும்போது விலகித் தெரிந்த, விட்டுப்போன பக்கத்தின் தலைப்பில் கல்யாணம், குழந்தைகள் என்று இருந்தது.

அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என் மனது நோகக் கூடாது என்றுதான் செய்தாள். எனக்குத் தெரியும். அதனாலேயே என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்தப் பக்கம் எதுக்கு மறிச்சுப் போட்ட? அதையும் கேளு மக்கா" என்றேன். அவ்வளவு நேரம் மலையாளத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு எங்கள் பேச்சே வந்துவிட்டது.

ரோட்டில் லாட்டரிக்காரர் நாளைய அதிர்ஷ்டத்தைக் கூவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"சேச்சி, கல்யாணம் ஆயிற்றா?"

"இல்ல."

கொஞ்சம் தயங்கினாள். அடுத்த கேள்விகளெல்லாம் கல்யாணம் ஆனவர்களுக்கு உள்ளவை. விதிப்படி அவள் அங்கே நிறுத்திவிட்டுத் தாண்டிப் போயிருக்கலாம். ஏன் கேட்டாளோ, கேட்டாள்.

"ஆசை உண்டா? கல்யாணத்துக்கு, குழந்தைக்கு?"

"உண்டு" என்றேன்.

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணாடியிடம்கூடச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை யாராவது என் மடியில் கிடத்தினால், கொஞ்ச நேரத்தில் தாங்கமாட்டேன் என்று நினைத்து உடனே எடுத்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று கேட்க எத்தனையோ தடவை வாய் வரை வந்திருக்கிறது. அதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. ஒரு வார்த்தைதான் சொன்னேன். அந்தப் பெண் குனிந்து எழுதினாள். பின்வரிசையில் அம்மா என்ன செய்தார் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் டாக்டரம்மா எழுந்து, விதிகள் இருந்த தாளை எல்லோரையும் எடுக்கச் சொன்னார். நிற்க முடியாதவர்களை விட்டுவிடலாம் என்ற வரியைத் தானே எழுதியதாகச் சொன்னார். அதை அடிக்கச் சொல்லிவிட்டு, பேனாக்கள் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் ஆட்டோ வரை வந்து வழியனுப்பினாள். மறுபடி வருவேன் என்றாள். பயிற்சி முடிந்து அவர்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள், பிறகு அவளை நான் பார்க்கவில்லை. இன்றும் வடக்கத்தி மலையாளம் காதில் விழுந்தால் எட்டிப் பார்ப்பேன்.

சாயங்காலம் அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு தொலி உரித்துக்கொண்டிருந்தார். நான் நகர்ந்து போய் அருகில் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் பதில் இருந்தது.

"எனக்க கிட்ட நீ ஒரு நாளும் சொன்னது இல்லியே பிள்ள" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ ஒரு நாளும் கேக்கலியே அம்மா."

கிழங்கின் மேல் கத்தி நின்றது. அடுப்பில் வெள்ளம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றத் தொடங்கியபோது அம்மா பேசினார்.

"கேட்டா நீ உண்டுன்னு சொல்லுவன்னு எனக்குத் தெரியும். பின்ன, தாறதுக்கு எனக்க கையில என்ன உண்டு? அதனாலயாக்கும் கேக்காம இருந்தேன்."

நான் அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அம்மா அழவில்லை. கிழங்கு மண் ஒட்டிய கையாலேயே என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். என்னை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டார் என்று நான் கோபப்பட்ட அதே மனுஷி, இத்தனை வருடமும் என் ஆசையை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதைத் தொட்டுவிடாமல் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அம்மா சும்மா இருக்கவில்லை. பாறசாலைப் பக்கம், குளத்தூர் பக்கம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். ஒரு இடம் கூடிவருவது போல இருந்து கலைந்தது. பிறகு எனக்கு வயது ஏறிற்று, அம்மாவுக்கும் ஏறிற்று. அம்மா இப்போது இல்லை. நான் கல்யாணம் கட்டவில்லை. அன்றைக்கு ஆசையைச் சொன்னதே போதும், மனசு நிறைந்துவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. போதவில்லை. அண்ணன் பேத்தி என் மடியில் தூங்கும்போது போதவில்லை என்பது நன்றாகத் தெரிகிறது. இப்போது யாரும் அவசரப்பட்டு அவளை எடுப்பதில்லை, அது வரைக்கும் நல்லது.

அந்த ஆராய்ச்சியில் கடைசியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தர முடியாததைக் கேட்டுவிடக் கூடாது என்று பயந்து என்னை நேசித்தவர்கள் எல்லோரும் தாண்டிப்போன கேள்வியை, ஊர் பேர் தெரியாத ஒரு பெண் என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள், இந்த வயதிலும் யாராவது அப்படி எதிரே உட்கார்ந்து கேட்டால் நான் அதே பதிலைத்தான் சொல்வேன்.